புளியமரத்தடியில் ஒரு கரடிக்குட்டி

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே வெயில். மாசி முடியவில்லை, அதற்குள் பாறையில் உட்கார முடியவில்லை.

காட்டில் வைத்திருக்கும் தானியங்கிக் கேமராக்களில் கார்டு மாற்றும் நாள். ஓடைக்கரைக் கேமராவைக் கரடி நக்கியிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் காய்ந்த எச்சில். துடைக்க மனமில்லை. துடைத்தேன்.

கார்டில்: முள்ளம்பன்றி. கேளையாடு. யாரோ தேடிக்கொண்டிருக்கும் பசு. விறகோடு போகும் இரண்டு பெண்களின் கால்கள். அப்புறம் ஒரு தாய்க்கரடி, முதுகில் இரண்டு குட்டிகள். ஒன்று பிடரி மயிரில் முகம் புதைத்தபடி. இன்னொன்று இடுப்புப் பக்கம், பாதி சரிந்து. கரடி ஆராய்ச்சிக்காக ஜவ்வாது மலைக்கு வந்ததிலிருந்து இரட்டைக் குட்டி பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போயிற்று.

சாயங்காலம் வெள்ளையண்ணா வீடு. இரண்டு வருஷம் முன்பு கரடி அடித்து இடது கண்ணும் கன்னமும் போனவர். இந்த மலையில் கரடியிடம் அடிபட்டவர்கள் எல்லாரும் என்னிடம் பேசிவிட்டார்கள், அவர் மட்டும்தான் பாக்கி. இன்றும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா சாமைச்சோறும் கீரையும் போட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

கிளம்பும்போது அண்ணா வாயைத் திறந்தார். “கரடியப் பத்தி எழுத வந்துகீறியா, எங்களப் பத்தி எழுத வந்துகீறியாம்மா?”

“ரெண்டும்தாண்ணா.”

பொய் இல்லை. ஆனால் அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்.

ஒடுகத்தூரிலிருந்து அம்மா போன். தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி தின்னாதே, முட்டை பரவாயில்லை, இத்யாதி. “அங்க கோயில் கீதாடி?” இருக்கிறது. “போறியா?” கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாள் முழுக்கக் கரடி எச்சம் கழுவினேன். வாளி, சல்லடை, மூக்கில் துணி. கொன்றை விதை, இலந்தைக்கொட்டை, எண்ண முடியாத கறையான் தலைகள். நீல பிளாஸ்டிக் துண்டு ஒன்று, மனசு கெட்டுப்போயிற்று.

வீட்டுக்கார அம்மா அவர் தங்கையிடம்: “எம்மாம் படிச்ச பொண்ணு, இன்னா வேல பண்ணுது பாரு.”

எலுமிச்சை தேய்த்தும் கையில் வாசம் போகவில்லை. போளூர் போனால்: பேட்டரி, ஊறுகாய், நல்ல சோப்பு.

மார்ச் 12, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சின்னப்பொண்ணு அக்கா ஓடி வந்தார். மார்போடு அணைத்த துண்டுச் சுருள். துண்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு.

“பாறையாண்ட புளி பொறுக்கப் போனோம்மா. நாய்ங்க கரடியத் தொரத்திச்சி. பெருசு மேல ஏறி ஓடிப்போச்சி, இது கீழ வுழுந்துட்டுது. நாய்ங்க சுத்திகினுச்சி. தொரட்டியால அடிச்சி வெரட்டிட்டு எட்டாந்துட்டேன்.”

“பயமா இல்லையாக்கா?”

“இப்பதான் ஒடம்பு ஒதறுது.”

குட்டிக்குக் காயம் இல்லை. பின்னங்காலில் சின்னச் சிராய்ப்பு மட்டும். நகம் மட்டும் பெரிய ஆள் நகம். அக்காவின் விரலை வாயில் வைத்துக்கொண்டு சப்பியது. சப்பும்போது உள்ளுக்குள் ஒரு ரீங்காரம், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல.

“வுடுங்கக்கா. பழகிடக்கூடாது.”

“பசிக்குதும்மா அதுக்கு.” விரலை எடுக்கவே இல்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

வனத்துறை ரேஞ்சருக்கு போன் செய்தேன். காலையில் வண்டி அனுப்புகிறேன், குட்டியை ஜூவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். ஒரு ராத்திரி கொடுங்கள், எடுத்த இடத்திலேயே வைத்துப் பார்க்கிறேன், தாய் தேடி வரும் என்றேன். “சரி ஸ்டெல்லா. ஆனா உங்க பொறுப்பு.”

ஜூவுக்குப் போனால் உயிரோடு இருக்கும். அது நிச்சயம். அங்கே வைத்தால் தாய் வரலாம். தாய்க்கு முன்னால் சிறுத்தையோ நாயோ வரலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் போனில் சொன்னபடி குளுக்கோஸ் தண்ணீர். பாதி என் சட்டையில்.

அதற்குள் வாசலில் கூட்டம், ஆளுக்கொரு போன். சாயங்காலத்திலிருந்து நாய்களைக் கட்டிப்போடுங்கள், பாறைப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“நாய கட்டிட்டா ஆட்ட சிறுத்த தூக்கிகினு போவும். நீ குடுப்பியா ஆடு?”

“இது வளந்து நம்மளத்தான் கடிக்கப்போவுது. வெள்ளையன் மூஞ்சியப் பாத்தீல்ல?”

வெள்ளையண்ணா பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முன்னால் வந்து, முகத்திலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தை முழுசாக இன்றுதான் பார்த்தேன்.

“நல்லா பாருங்க,” என்றார். யாரும் பார்க்கவில்லை.

“அன்னிக்கும் அது முதுவுல குட்டி இருந்துச்சி. நான் தெரியாம நேரா போய் நின்னுட்டேன். அதுவும் பயந்துடுச்சி, நானும் பயந்துட்டேன். அவ்ளோதான் நடந்துச்சி. குட்டிய எட்டுகினு வந்துட்டா நாளைக்கு அது சும்மா இருக்குமா? நம்ம பொம்பளைங்க அங்கதான் புளி பொறுக்கணும். ஆட்ட வூட்டுக்குள்ள கட்டிக்கோங்க. ஒரு ராத்திரிதான்.”

துண்டை மறுபடி போர்த்திக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் நாய்களைக் கட்டும் சத்தம், திட்டு, குரைப்பு.

வெயில் தாழ்ந்ததும் நான், அக்கா, அண்ணா மூவரும் என் ஜீப்பில். குட்டியை ஒரு பெரிய புளிக்கூடையில் வைத்துப் பாறையோரப் புளியமரத்தடியில் இறக்கினேன். குட்டியால் தானாக ஏறி வர முடியாது, தாய் தட்டினால் கூடை கவிழ்ந்துவிடும். எதிரே கேமரா. எதிர்ச்சரிவில் ஜீப்பை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். அண்ணா முன் சீட்டுக் கம்பியை விடவே இல்லை.

குட்டி கத்தியது. குழந்தை மாதிரி என்று எழுதக்கூடாது. பழுதான ஹாரன் மாதிரி. வெளிச்சம் போகும்வரை கத்தியது. அப்புறம் நின்றுவிட்டது. அது இன்னும் மோசம்.

“தூங்கிட்டிருக்கும்,” அக்கா.

“ம்.”

கரடி வரவில்லை. இதற்குமேல் நாங்கள் இருந்தால் வராமலே போகலாம். திரும்பிவிட்டோம். அக்கா வீட்டிலேயே படுக்கச் சொன்னார். பாய் கொடுத்தார். ஜெபம் சொன்னேன், ரொம்ப நாளைக்கு அப்புறம். யாருக்காக என்று தெளிவில்லை.

மார்ச் 13, வியாழன்

விடிந்ததும் மூவரும் போனோம். பனி. சத்தம் கொடுத்துக்கொண்டே நடந்தோம்.

கூடை கவிழ்ந்து கிடந்தது. காலி.

மண்டிபோட்டு மண்ணைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. இழுத்த தடமும் இல்லை. மனுஷப் பாதம்போல் அகலமாக ஒன்று, நகக்குழியோடு. நிச்சயம் செய்துகொள்ளப் பயம். கார்டை எடுத்துக் கைக்கேமராவில் போடுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டேன்.

கூடை. கூடை. ஒரு முயல். கூடை. அப்புறம் படம் முழுக்கக் கறுப்பு மயிர், வேறொன்றும் இல்லை. அடுத்ததில் கூடை பக்கவாட்டில். அடுத்ததில் அவள் அங்கேயே, மரத்தடியிலேயே, மல்லாந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், நெஞ்சில் குட்டி. பால் கொடுக்கிறாள். இன்னொரு குட்டி அவள் தோளில் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசிப் படம் முதுகுப்புறம். இரண்டும் மேலே.

“இன்னாம்மா? இன்னா தெரியுது? சொல்லேன்!” அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கேமராவை நீட்டினேன். அக்கா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணா வாங்கி நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அடிபட்ட பிறகு அவர் கரடியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. “அந்தப் பாலு குடுக்குற படத்த இன்னொரு வாட்டி காட்டு.” காட்டினேன். இன்னொரு வாட்டி. ரொம்ப நேரம் பார்த்தார்.

“எளச்சிருக்குது பாவம்,” என்றார்.

ரேஞ்சர் அனுப்பிய வண்டி வந்தது. டிரைவர் குட்டிக்கென்று பால் வாங்கி வந்திருந்தார். அதில் டீ போட்டோம். படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார், மகளுக்குக் காட்டவாம். ரேஞ்சர் போனில், “நல்ல வேலம்மா.” அப்புறம், “எனக்கும் தூக்கம் இல்ல.”

யார் ஆடும் போகவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முட்டைக் குழம்பு. அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “கரடி கடிச்சிருந்தா இன்னாடி ஆவுறது” என்று திட்டினாள். அப்புறம் அந்தப் படத்தை அனுப்பு என்றாள்.

மத்தியானம் வெள்ளையண்ணா தானாகவே வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். கரடியைப் பற்றிக் கொஞ்சம்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடியைக் கேட்டும் கொடுக்காத நர்ஸ். பேத்தி இவரைப் பார்த்து அழுதது, அதனால் மகள் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது. கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகாமல் வாங்கிவந்து தின்பது. “இத்தல்லாம் எழுதுவாங்களா?” என்றார். எழுதுவேன் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போக நினைத்துக் கிளம்பியது உண்மை.

வழியில் அக்கா, கூடையும் துறட்டியுமாக. “அவுரும் வர்றாரு,” என்று ரகசியம் மாதிரிச் சொன்னார். குட்டிக்காக எங்களோடு வந்த அந்த இரண்டு தடவை தவிர, அடிபட்ட நாளிலிருந்து அண்ணா காட்டுப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார். துண்டு தலையில் கட்டியிருந்தது, முகத்தில் இல்லை. நானும் கூடப் போனேன்.

பாறைத் திருப்பத்தில் நின்றுவிட்டார். அக்கா அவர் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றார். புளியமரம் தெரிந்தது, காற்றில் ஒன்றிரண்டு பழம் விழும் சத்தம். அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல் சத்தமாக:

“யம்மா, நாங்கதான் வர்றோம். புள்ளைங்கள எட்டுகினு கொஞ்சம் அந்தாண்ட போ!”

காத்திருந்தார். பிறகு இறங்க ஆரம்பித்தார்.