ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் இருந்தவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டேன். கடிதத்தில் அது சரிவராது. கான்வென்ட்டில் கடிதம் எழுதச் சொல்லித்தந்த சிஸ்டர், தொடக்கம் சரியில்லையென்றால் கிழித்துப் போட்டுவிடுவார்.

நாமகிரிப்பேட்டை வீடு நன்றாக இருக்கிறது. உங்கள் மஞ்சள் மண்டியை வாடகைக்கு விட்டுவிட்டேன். குமரேசன் அயோத்தியாப்பட்டணத்தில் கிளினிக் நடத்துகிறான். பேத்தி மதுமிதா பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் மகன் படித்த அதே நாமக்கல் பள்ளியில், அதே ஹாஸ்டலில் அவளைச் சேர்க்க வேண்டும் என்றாள் மருமகள் சுகன்யா. குமரேசன் முடியாது என்றான்.

"உங்க பையன் டாக்டரானதே அந்த ஹாஸ்டல்லதானுங்களே அத்தை!"

நானும் பத்து வயதில் ஹாஸ்டலுக்குப் போனவள்தான். என்ன குறைந்துவிட்டேன்? "காரணம் சொல்லுடா" என்றேன்.

அப்போதுதான் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுனா, இப்பவும் கண்ணு வாசலுக்குப் போகுதும்மா. எல்லாரும் கிளம்பிருவாங்கன்னு தோணுது. அதான் நானே முதல்ல கிளம்பிர்றேன்."

"கிளினிக்குக்குப் போறேன்னுதானே சொல்வீங்க?" என்றாள் சுகன்யா. ஞாயிறு மதியம் அவன் வீட்டில் தங்குவதே இல்லை என்பது கல்யாணமானதிலிருந்து அவளுக்கு இருக்கும் குறை.

"கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்திருப்பேன்" என்றான்.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளி மைதானத்தில் ஜமுக்காளம் விரித்து, கேரியரில் கொண்டுபோன நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றிச் சோறு போடுவேன். அவன் கை கழுவி வந்ததும் நீங்கள், "போயிட்டு வாரோம் சாமி" என்பீர்கள். சிரித்துக்கொண்டே டாட்டா காட்டுவான்.

நாம் செய்தது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் அவன் டாக்டராகியிருக்க மாட்டான். ஆனால் அந்தப் பள்ளி தந்ததில் இதுவும் ஒன்றுதானே? திரும்பும் வழியில் ராசிபுரம் வரைக்கும் நீங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டீர்களே, உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததா?

பள்ளி அதுவே, ஹாஸ்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் மதுமிதாவும் தங்கப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தாயிற்று. பிள்ளைகள் படிப்புக்காகக் குடிவந்த அம்மாக்கள்தான் தெரு முழுக்க. அவர்களில் நான்தான் மூத்தவள். சுவரில் ஆணி அடிக்க வீட்டு ஓனரிடம் கேட்பது எனக்குப் புதிது. பழகிக்கொள்கிறேன்.

"அப்பத்தா, தெனமும் என் இங்கிலீஷ்ல தப்புக் கண்டுபிடிப்பீங்களா? அதுக்கு ஹாஸ்டலே தேவலாம்!" என்கிறாள் மதுமிதா.

"கண்டுபிடிப்பேன். ஆனா ஹாஸ்டல்ல முறுகல் தோசை கிடைக்காது சாமி" என்றேன்.

ஞாயிறுதோறும் குமரேசனும் சுகன்யாவும் அங்கே வருவார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பேன். சாப்பிட்டு முடித்ததும் அவன் கார் சாவியைத் தேடுவான். அது என் இடுப்பில் இருக்கும். பொழுது சாயும்வரை தர மாட்டேன். அதுவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவி,
மரகதம்