வலைச் சரணம் உங்களுடையது

பத்து பாகாட் ஊரில் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்: நாடகக் கொட்டகையில் நான் எழுந்து நின்று, குடையை ஓங்கிப் பபூனை அடிக்கப் போய், நாடகத்தையே நிறுத்திவிட்டேனாம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதும் ஒரு சின்னப் பெண் இன்னொருத்தியிடம் என்னைக் காட்டி, "அந்தக் குடைக்காரப் பாட்டி இவங்கதான்," என்றாள். என்னிடம் அன்று குடை இல்லை, விசிறிதான் இருந்தது. நான் யாரையும் அடிக்கப் போகவில்லை. நாடகத்தை நிறுத்தவும் இல்லை. பாட்டை முழுதாகப் பாடச் சொன்னேன், அவ்வளவுதான். இதை மறுக்காமல் ஒப்புக்கொள்ளக்கூடியவர் அந்தப் பபூனாகிய நீங்கள் ஒருவர்தான். நீங்களோ காலமாகிவிட்டீர்கள். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

இன்று காலை கொசுவலையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காற்று உள்ளே புகுந்து வலை உப்பிக்கொண்டது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கைகாலை உதறுவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வயதான விதவை ஒருத்தி, காலை வேளையில் ஈரத்துணியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? உங்களைப் பற்றி அவளிடம் மலாயில் சொல்ல முயன்றேன். பாதியில் விட்டுவிட்டேன். உங்களைச் சொல்லிக் காட்ட முடியாது, ஆடித்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பாட்டை நான் எழுதியபோது ஐரோப்பாவில் பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் யுத்தம் கொசுக்களோடு. என் கணவர் சர்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சதுப்பு நிலத்தில் அளப்பவர்களோடு நின்று கணக்கெழுதிவிட்டு மாலையில் வீடு வந்தால், உடம்பில் இடம் விடாமல் தடிப்புகள் இருக்கும். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விழாவில் பாட ஏதாவது வேண்டும் என்றார்கள். அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் முதல் சரணம் வந்துவிட்டது.

கொசுத்துரையே கொசுத்துரையே
கேட்காமல் குடிப்பது ஏன்?
குடித்தபின் காதில் வந்து
கும்மாளம் போடுவது ஏன்?

மற்றவை அவ்வளவு எளிதாக வரவில்லை. ஒரு வாரம் அடித்து அடித்து எழுதினேன். பாட்டைக் கட்டியவர் கடைசிச் சரணத்தில் தம் பெயரை வைப்பது நம் வழக்கம். நானும் வைத்தேன். மலாக்காவில் கான்வென்ட்டில் படிக்கும்போது, அடுத்தவள் போட்ட தையலைத் தன்னுடையது என்று காட்டியவளை, மொத்தத் தையலையும் பிரித்துத் தானே மறுபடி போடச் சொல்வார் எங்கள் ஸிஸ்டர். யார் செய்தார்கள் என்பது செய்த பொருளிலேயே இருக்க வேண்டும். இதை நான் இன்று வரை ஒரு நூல்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

பிள்ளைகள் பாடினார்கள், ஊர் சிரித்தது. சில மாதங்கள் கழித்து உங்கள் கம்பெனி வந்து ஆற்றங்கரையில் கொட்டகை போட்டது. ராஜா நாடு இழந்து காட்டுக்குப் புறப்படுகிற கட்டம். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அழுகை ஆறுவதற்காகப் பபூனை விட்டார்கள். கூம்புத் தொப்பியும் மஞ்சள் முகமுமாக, ஒரு கொசுவலையைப் போர்த்திக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். "கொசுத்துரையே கொசுத்துரையே" என்று ஆரம்பித்தீர்கள். முன்னால் உட்கார்ந்திருந்த என் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் காது சூடாகிவிட்டது. சரி, கடைசியில் பெயர் வரும் என்று பொறுத்திருந்தேன். வரவில்லை. அந்தச் சரணத்தையே வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நான் எழுதாத ஒன்றைப் பாடினீர்கள்.

வலைக்குள்ளே நான் படுத்தேன்
வெளியே நீ என்றிருந்தேன்
உள்ளேயும் பாட்டுச் சத்தம்
யாரடா என்றெழுந்தேன்!

வலைக்குள் கொசுவோடு மாட்டிக்கொண்டு நீங்கள் உருண்ட உருளலில் கொட்டகையே ஆடியது. நானும் சிரித்தேன். பறிகொடுத்தவளே சிரித்துவிட்டால் பிறகு எப்படிக் கோபப்படுவது? அந்தச் சிரிப்புக்காகவும் சேர்த்து உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். நீங்கள் மறுபடி வாயைத் திறக்கும்போதுதான் நான் எழுந்தேன்.

"பாடுங்க. ஆனா இந்தத் தடவை கடைசிச் சரணத்தையும் சேர்த்துப் பாடுங்க," என்றேன்.

"எந்தச் சரணம்மா? அதையும் கொசு குடிச்சிட்டுப் போயிருச்சே!" என்றீர்கள்.

கொட்டகை சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "அலமாக்! கிராணியம்மா பபூன்கிட்ட மாட்டிக்கிட்டாங்க லா!" என்று மலாய் கலந்து கத்தினார்.

"குடிச்சது கொசு இல்ல. மூஞ்சியில மஞ்சள் பூசின ஒருத்தர்," என்றேன். இப்போது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அது அடங்குவதற்குள், நானே பாடினேன்.

அன்னம்மாள் சொல்வதைக் கேள்
ஆற்றங்கரைக் கொசுவே
சொன்னவர் வீட்டை விட்டுத்
தூரப்போ போ கொசுவே!

முதல் வரியில் சுருதி நழுவியது. இரண்டாம் வரியில் உங்கள் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொடுத்தார். அந்த மனிதருக்கு என்றும் நன்றி. முடித்து உட்கார்ந்தேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டீர்கள். ராஜா காட்டுக்குப் போனார். எந்த நாடகமும் நிற்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஓர் ஒல்லியான மனிதர், கையில் அன்னாசிப்பழத்தோடு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். காதுக்குப் பின்னால் கழுவாமல் விட்ட மஞ்சளைப் பார்த்த பிறகுதான் அது நீங்கள் என்று தெரிந்தது.

"கிராணியம்மா, பாட்டுங்கிறது காத்து மாதிரி. பிள்ளைங்க பாசார் கடைத்தெருவுல பாடிக்கிட்டுப் போச்சு, என் காதுல விழுந்துச்சு. காத்துக்கு யாரும் பட்டா வாங்க முடியுமா?"

"காத்துன்னா அதை எதுக்கு டிக்கெட்டு வெச்சு விக்கிறீங்க?" என்றேன்.

நாற்காலியில் இருந்த என் கணவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நீங்கள் விடவில்லை. "நான் பாடலைன்னா உங்க பாட்டு அந்தக் கிறிஸ்துமஸோட போயிருக்கும்மா. யோங் பெங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போறவங்க இப்ப அதைத்தான் பாடுறாங்க. அது யாரால?"

அது நியாயமான பேச்சு. நியாயமான பேச்சை நான் மறுப்பதில்லை. "பாடாதீங்கன்னு நான் சொன்னேனா? நல்லாப் பாடுங்க. யாரு எழுதினதுன்னு சொல்லிட்டுப் பாடுங்க. டிக்கெட்டு வித்தா எனக்கும் ஒரு பங்கு வைங்க," என்றேன்.

"பேரா? பபூன் வாயால உங்க பேரைச் சொன்னா ஐயாவுக்கு மானக்கேடு இல்லியா?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என் பேரையா சொல்லப்போற? அவ பேரைத்தானே. கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி சொல்லுப்பா."

அப்போதுதான் நீங்கள் என்னை மடக்கினீர்கள். அன்னாசியைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா. உங்க பாட்டுக்கு உங்க பேரு. அந்த வலைச் சரணத்துக்கு?" என்றீர்கள்.

கொட்டகை அதிகமாகச் சிரித்தது உங்கள் நான்கு வரிக்குத்தான். என்னுடையதைக் கேளாமல் எடுத்தீர்கள் என்று உங்களை நிற்கவைத்துக் கேட்டவள், உங்களுடையதைச் சத்தமில்லாமல் எப்படி எடுத்துக்கொள்வது? "அது உங்களுடையது," என்றேன். "அதையும் சொல்லித்தான் பாடணும்."

பங்குக்கு வழி நீங்களே கண்டுபிடித்தீர்கள். பாட்டைப் பாடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி எனக்கு. நான் வராவிட்டால் அந்தச் சீட்டின் விலை எனக்கு. முதலாளியிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்களோ! அன்று முதல் எந்த ஊரிலும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பாட்டு கட்டினது பத்து பாகாட் அன்னம்மாள்! வலையில மாட்டினது மட்டும் நான்!" என்று அறிவிப்பீர்களாம். மலாக்காவிலிருந்து என் நாத்தனார், குடும்பப் பெயர் கொட்டகையில் உருள்கிறது என்று அழுதுகொண்டு வந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு உங்கள் நாடகத்துக்குப் போனேன். திரும்பும்போது, "உன் பேரை இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லக்கூடாதா அந்த ஆளு?" என்று குறைபட்டாள்.

சீட்டுக்காசு நாடக நோட்டீசில் சுற்றி வரும், லாரிக்காரர்கள் கையிலும் பஸ்காரர்கள் கையிலும். ஒரு முறை வெறும் நோட்டீசு மட்டும் வந்தது. பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள்: "மழை. ஜனம் இல்லை. கொசு மட்டும் வந்தது, டிக்கெட் எடுக்கவில்லை." நானும் கணவரும் அன்று சாப்பிடும்போதெல்லாம் சிரித்தோம்.

என் கணவர் காலமானபோது நீங்கள் வந்தீர்கள். ஒரு வேடிக்கையும் பேசவில்லை. புறப்படும்போது மடித்த நோட்டீசை நீட்டினீர்கள். இந்த நேரத்தில் எதற்கு என்றேன். "துக்கம் வேற, பாட்டு வேறம்மா. நேத்து பாடினேன், இந்தாங்க," என்றீர்கள். அந்த வாரம் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

இப்போது நீங்களும் போய்விட்டீர்கள்; உங்கள் பங்கை நான் காக்க வேண்டிய முறை. சிங்கப்பூரிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் போன வாரம் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. கொசுப் பாட்டைத் தட்டில் பதியப்போகிறார்கள். உரிமைத் தாளை என் முன்னால் வைத்தார். வலைச் சரணமும் உண்டா என்று கேட்டேன். "அது இல்லாம யாரும்மா வாங்குவா?" என்றார். அப்படியானால் இரண்டு பெயர் போட வேண்டும், பங்கும் இரண்டு என்றேன்.

"அவருதான் தவறிட்டாரேம்மா. செத்தவருக்கு எதுக்குப் பங்கு?"

"அவருதான் செத்தாரு, சரணம் சாகலையே. அதைத்தானே விக்க வந்திருக்கீங்க?"

அவர் பேனாவை மூடிவிட்டு, "சரிம்மா, உங்க இஷ்டப்படியே போட்டுக்கலாம். அவரு பேரு என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நோட்டீசுகளில் எல்லாம் 'பபூன்' என்று மட்டுமே இருக்கிறது. உங்களிடம் நான் கேட்காமல் இல்லை. ஒரு முறை ரங்கூன் ராஜா என்றீர்கள், இன்னொரு முறை கொசுவுக்கு ஏதும்மா பேரு என்றீர்கள். ஆர்மோனியக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "பபூன் அண்ணேன்னுதாம்மா கூப்பிடுவோம்," என்று தலையைச் சொறிந்தார். ஆனால் தங்காக் ஊரில் துணிக்கடை ஒன்றில் தைப்பவருக்கு உங்கள் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

'பபூன்' என்று தட்டில் அச்சடிக்க நான் விடமாட்டேன். அது வேலை, பெயர் ஆகாது. வீட்டில் தனியாக இருக்கும்போது கொசுப் பாட்டை நான் இன்னமும் பாடுவதுண்டு. உங்கள் நான்கு வரி வரும்போது குரலை மாற்றிக்கொள்வேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும். என்னுடையது எங்கே முடிகிறது, உங்களுடையது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தட்டைக் கேட்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இந்த மடலைத் தங்காக்கில் உங்கள் மகள் கையில் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன். மகளே, கையெழுத்திடாத தாள் என் மேசைமேல் இருக்கிறது. உன் அப்பாவின் முழுப் பெயரும், பங்கை அனுப்ப வேண்டிய உன் விலாசமும் எனக்கு வேண்டும். யாரிடமும் வாயால் சொல்லி அனுப்பாதே. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.