சாம்பலில் போட்ட மாத்திரைகள்

கும்மிடிப்பூண்டி
5-12-1976

அன்பு மகள் செண்பகத்துக்கு அம்மா சம்பூர்ணம் எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, சரியாகிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். உண்மையை இப்போது எழுதுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், படிக்கப் படிக்க உனக்கு என்மேல் ஆத்திரம்தான் வரும், வரட்டும், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பெனி கட்டுகிற இடத்தில் அப்பா காவலுக்குப் போகிறார் என்று உனக்குத் தெரியும். அங்கே மண்ணுக்காகத் தோண்டிய பள்ளமெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து கொசு அப்பிக்கிடக்கிறது. புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், மூன்று கோணிப்பை போர்த்தியும் பல் கிட்டுவது நிற்கவில்லை, அப்புறம் நெருப்பாய்க் காய்ந்து வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே வேளைக்கு அதே நடுக்கம். மலேரியா ஆபீஸில் இருந்து சைக்கிளில் வருவானே மோசஸ், நம் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போகிறவன், அவன் வந்து விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தான், நாலு மாத்திரை கொடுத்து எதிரிலேயே முழுங்க வைத்தான். காய்ச்சல் கொஞ்ச நாள் விட்டது. மறுபடி வந்தபோது ஆளைப் புரட்டிப் போட்டுவிட்டது, யார் எவர் என்றே தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தார்.

அந்தக் காய்ச்சலோடுதான் அது வந்தது செண்பகம். இடது பக்க நெற்றியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது, மூக்கு நுனி வரைக்கும் இறங்கிவிட்டது, நெருப்புத் துண்டை வைத்தது போல எரிகிறது என்று கத்துகிறார். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆத்தா வந்துக்கிறாடி, பாதி மூஞ்சில எறங்கிக்கினு மீதிய மன்னிச்சி உட்டுட்டா என்றாள். அவள் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. நெற்றி நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் வந்திருக்கிறதே, ஆத்தாள் எப்போதாவது இப்படிப் பாதி பார்த்து வருவாளா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. வாசலில் வேப்பிலை சொருகினேன், தாளிப்பதை நிறுத்தினேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கண்மேலேயே பூசினேன். ஐயோ, அந்தக் கண்மேலேயே பூசினேன்.

மறுநாள் மோசஸ் வந்தான். ரத்தத்தில் மலேரியா இருக்கிறது, ஐந்து நாளைக்கு மாத்திரை என்றான். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான், அவன் வேதக்காரன் என்றாலும் நம்முடைய முறைக்கு மரியாதை கொடுக்கிறவன். நான் உள்ள போவக்கூடாதும்மா, நீயே முயுங்க வெச்சிடு என்று என் கையில் கொடுத்தான். ஆத்தாள் வந்திருக்கிற வீட்டில் மருந்து கொடுத்தால் உயிரைக் கொண்டுபோய்விடுவாள் என்று எனக்கு நடுக்கம். மாத்திரையை அடுப்புச் சாம்பலில் போட்டு மூடினேன். ஐந்து நாளும் வந்தான், ஐந்து நாளும் முயுங்கினாராம்மா என்று கேட்டான், ஐந்து நாளும் ஆச்சு என்று சொன்னேன். உன் அப்பாவுக்கு அவன் வந்ததே தெரியாது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. கம்பெனி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், பார்த்தவுடனேயே இது ஆத்தாளும் இல்லை ஒன்றும் இல்லை, அக்கி என்றார். அப்புறம் ஒன்று கேட்டார், சின்ன வயதில் இவருக்குச் சின்னம்மை போட்டதா என்று. ஏழு வயதில் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறாரே. அந்தக் கிருமிதான் இது என்றார் செண்பகம்! இறங்கிப் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோமாம், அது போகவே இல்லையாம், நரம்பின் வேரில் ஒடுங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்குமாம். உடம்பில் இருக்கிற காவல் அதைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்திருக்குமாம். மலேரியா வந்தால் அந்தக் காவலே தடுமாறிப் போகும், அந்த நேரம் பார்த்து இது எழுந்துகொள்ளலாம், எப்படி என்று எங்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றார். நாற்பத்தைந்து வருஷம்! நான் அவரோடு குடித்தனம் நடத்துவது இருபத்தெட்டு வருஷம், எனக்கு முன்னாலேயே அது அவருக்குள் குடியேறிவிட்டது. ரத்தத்தில் மலேரியா அப்படியே இருக்கிறதே, மாத்திரையை ஒழுங்காக முழுங்கி, உடனே இங்கே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இப்போது காய்ச்சல் விட்டது, புண் ஆறிவிட்டது. இடது கண்ணில் கருவிழிமேல் வெள்ளை விழுந்துவிட்டது, எல்லாம் புகை மாதிரிதான் தெரிகிறதாம்.

இதோடு முடிந்திருந்தால் என்னோடு போயிருக்கும். வீட்டுக்கு வந்த அப்பா, மோசஸ் மாத்திரையே கொடுக்காமல் கொடுத்ததாக எழுதிக்கொண்டான் என்று ஆபீஸுக்கு மனு போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து தெருவில் நாலு பேர் முன்னால் விசாரித்தார். வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. அந்தம்மா கைல தான் சார் குட்த்தேன் என்றான் மோசஸ். துன்றது சோறா இன்னாடா, ஏண்டா பொய் சொல்லிக்கினு நிக்கிற என்று உன் அப்பா அவனை எல்லோர் எதிரிலும் கேட்டார். அந்தப் பிள்ளை என்னைத்தான் பார்த்தான். ஆபீசரும் என்னைப் பார்த்தார். அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன், அவன் கொடுத்தான், நான்தான் சாம்பலில் போட்டேன், முழுங்கினார் என்று சொன்னதும் நான்தான் என்று. நேரில் முழுங்க வைக்காதது தப்பு என்று மோசஸை இரண்டு வார்த்தை கடிந்துகொண்டார் ஆபீசர், வேலையில் கைவைக்கவில்லை.

அதற்கப்புறம் உன் அப்பா என்னோடு பேசவில்லை. கண் மருந்தைத் தானே விட்டுக்கொண்டார், பாதி கன்னத்தில் வழிந்தது. இன்று காலையில் பாயில் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார், விரலால் இமையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊத்து என்றார். ஊற்றினேன். கண்ணைப் பற்றி ஏதாவது சொல்வார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். கண்ணு போனா போவட்டும், ஒரு நல்லவனப் பாத்து சோறு துன்றியான்னு என் வாயால கேக்க வெச்சிட்டியேடி என்றார். அவ்வளவுதான். சட்டையைப் போட்டுக்கொண்டு மோசஸ் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஒரு பக்கம் தெரியாமல் வேலியைத் தடவிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

உனக்கும் ஆறு வயதில் அம்மை போட்டது, உள்ளேதான் இருக்கும். அங்கேயும் கொசு இருக்கும், ஜாக்கிரதை. காய்ச்சல் என்றால் உடனே ரத்தம் பார், கொடுக்கிற மாத்திரையை முழுங்கு, குழந்தைக்கும் கொடு. யார் தடுத்தாலும் கேட்காதே, நானே வந்து கையைப் பிடித்தாலும் உதறிவிட்டு முழுங்கு. நீங்கள் மூவரும் நூறு வயது நல்ல கண்ணோடு வாழ வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
தே. சம்பூர்ணம்