பின்னட்டையில் உன் வீட்டு முகவரி

நேற்று உன் கிணற்றுப் புத்தகத்தை மறுபடியும் அச்சடிக்கக் கேட்டு உன் குழுவிலிருந்து ஒரு பெண் என் அச்சகத்துக்கு வந்தாள். பின்னட்டையில் இருக்கும் உன் வீட்டு முகவரியை எடுத்துவிடச் சொன்னாள். நியாயம்தான். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, உன் மனைவி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார், அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆனால் அவள் நீட்டிய பழைய பிரதியை வாங்கியதும் அதையே புரட்டிக்கொண்டு நின்றேன். யாருடைய சட்டைப் பையிலோ கிடந்து வளைந்து போயிருந்தது. வியர்வையும் பீடியும் கலந்த வாடை அடித்தது.

நீ முதலில் இந்த வேலையோடு வந்த அன்று நான் பழனி லாட்ஜ் ஒன்றுக்கு பில் புத்தகம் ஓட்டிக்கொண்டிருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்து நேராக வந்திருந்தாய். இணையத்தில் ஒரு குழு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றாய். ஊர் ஊராகப் போய்க் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்பா, நல்ல தண்ணீரா என்று குறித்து, எல்லோரும் பார்க்கும்படி போடுவீர்களாம். போகிற இடத்தில் எல்லாம் நிலத்தரகர் என்று விரட்டுகிறார்கள், நாங்கள் யார், எதற்கு வருகிறோம் என்று சொல்ல ஒரு கையடக்கப் புத்தகம் வேண்டும் என்றாய்.

நானும் நீ தரகுக்குப் போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன்.

"இதுக்கு முதலாளி யாருப்பா?"

"யாரும் இல்ல பாய்."

"முதலாளி இல்லாத கடையில கல்லாவ யாரு பாக்குறது?"

"கல்லாவே இல்லைங்கிறேன்."

"அப்ப திருட்டுக் கடைதான். சந்தேகமே இல்ல."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. தொண்ணூறுகளில் தேக்குமரக் கம்பெனி, சீட்டுக் கம்பெனி எல்லாவற்றுக்கும் புத்தகம் அடித்துக் கொடுத்தவன் நான். அட்டை எவ்வளவு வழவழப்போ அவ்வளவு சீக்கிரம் கம்பெனி மூடும். திண்டுக்கல் பூட்டில் பாதி அந்தக் கதவுகளில்தான் தொங்கியது. காசு கேட்டு வருகிறவனையாவது புரிந்துகொள்ளலாம். ஒன்றும் வேண்டாம் என்று வருகிறவனை என்ன கணக்கில் சேர்ப்பது?

"அம்புட்டு சந்தேகமும் உனக்கு இருக்குல்ல? அதையே புத்தகமாப் போடு. ஊருக்குள்ள அதைத்தான் கேக்குறாய்ங்க" என்றாய்.

அப்படித்தான் அது உருவானது. நீ கொண்டுவந்த தாளில் 'திறந்த அறிவுப் பகிர்வின் வழியே நீர்வளம்' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. குறுக்கே கோடு போட்டு நீக்கினேன். உலக உருண்டையைப் பல கைகள் தாங்குகிற படத்தையும் எடுத்துவிட்டேன். பச்சை போட்டால் ஒரு கட்சி, சிவப்பு போட்டால் இன்னொரு கட்சி, மஞ்சள் போட்டால் நகைக்கடை. கறுப்பு மை மட்டும் போதும் என்றேன். அளவு பீடிக்கட்டு அளவு, அது போகிற பைக்குள் இதுவும் போகட்டும். உள்ளே கேள்விகள்: நீ யார்? யார் அனுப்பினார்கள்? என் கிணற்றைப் பார்த்து உனக்கு என்ன? எனக்கு என்ன? பிறகு வேண்டாம் என்றால் அழிப்பாயா?

கடைசிக் கேள்விக்கு உன் குழு நெடுநாள் சண்டை போட்டது. அழிப்போம் என்று முடிவானதும் நான் நம்பவில்லை. சோதிக்காமல் சரக்கு எடுத்து எனக்குப் பழக்கமில்லை. சாணார்பட்டியில் என் மச்சான் கிணற்றைச் சேர்க்கச் சொல்லி, பிறகு அவனை விட்டே அழிக்கச் சொன்னேன். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தால் கிணறு இல்லை. யார் அழித்தார்கள் என்றும் தெரியவில்லை.

"ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம அழிக்கிறான். அதுதான்பா எனக்கு இடிக்குது."

"உன்னைக் கட்டிக்கிட்டு அழுறதுக்கு உன் வீட்டம்மாவுக்குக் கோயில் கட்டணும் பாய்" என்றாய்.

புரூஃபில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து விழாமல் என் மிஷின் ஓடாது. உன் குழுவில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சிங்கப்பூர்க்காரர் ஒரு சொல்லை மாற்றுவார், கனடாக்காரர் அதைத் திருப்பி மாற்றுவார். புரூஃப் போய்ப் போய் வந்தது. முகவரி இல்லாத புத்தகத்தை நான் அடிக்க மாட்டேன் என்றேன். என் அச்சக முகவரியையே போடலாமா என்று கேட்டாய். மாட்டேன் என்றேன். என்னிடம் லேபிள் அடிப்பவர்களில் பாதிப் பேர் தோல் ஷாப்காரர்கள், தோல் பதனிட்டு உப்புக் கழிவுநீரை வெளியே விடுகிறவர்கள். கிணறு உப்பு என்று எழுதுகிற புத்தகத்தில் என் கடைப் பெயரைப் பார்த்தால் அவர்கள் மறுநாளே வேறு அச்சகம் தேடிப் போவார்கள். நீ வற்புறுத்தவில்லை. பேனாவை வாங்கி, உன் வீட்டு முகவரியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாய்.

எல்லோரும் பார்க்கும்படி போட்டால் வம்பு வரும் என்று நான் பயந்தது நடந்தது. அடுத்த கோடையில் ஒருவர் உன் வீட்டு வாசலில் வந்து கத்தினார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"எங்கூர்ல கெணறு வத்திப்போச்சுன்னு நீங்க போட்டீக, மறுவாரமே போர்வெல் வண்டி புரோக்கர் வீடு வீடா வந்து நிக்கிறான். அவனுக்குக் கமிசன் ஆளு நீதானே?"

நீ உட்காரச் சொன்னாய். தண்ணீர் கொடுத்தாய். யாரும் பார்க்கலாம் என்றால் புரோக்கரும் பார்க்கலாம், அதைத் தடுக்க எங்களால் முடியாது என்று மறைக்காமல் சொன்னாய். உங்கள் ஊர்க் குறிப்பை அழித்துவிடட்டுமா என்று கேட்டாய். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "இருக்கட்டும். ஆனா புரோக்கர் வாரான்னு அந்தப் புத்தகத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னேன்ல? தொறந்து போட்ட வீட்டுல திருடன் வராம இருப்பானா?"

"வருவான் பாய். அதுக்குத்தான் வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்ங்கிறது."

அந்தக் குழுவை இன்றைக்கும் நான் முழுதாக நம்பவில்லை. அந்த வாசலைத்தான் நம்பினேன். நேற்று வந்த பெண் உன் முகவரி இருந்த இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதிக் காட்டினாள்.

"இதுல போயி யாரு சட்டையைப் பிடிக்கிறது?" என்றேன்.

"சட்டையை எதுக்கு அண்ணே பிடிக்கணும்?" என்றாள்.

அவளுக்கு அந்தக் கோடைக்காலத்துக் கதையைச் சொன்னேன். புரோக்கர் கேள்வியையும் புத்தகத்தில் சேர்க்கச் சொன்னேன். "அப்ப யாரு முகவரியப் போடுறது?" என்று கேட்டாள். தோல் ஷாப் லேபிள்கள் அடுக்கியிருந்த மேசையில்தான் என் கை இருந்தது.

பேசி முடித்தது இதுதான். ஆயிரம் பிரதி, பழைய அளவு, கறுப்பு மை. பிரதிக்கு இரண்டு ரூபாய், பாதி முன்பணம். தள்ளுபடி கிடையாது. சும்மா அடித்துக் கொடுத்தால் நாளைக்கு என்னையே நான் சந்தேகப்படுவேன். புரூஃபில் கையெழுத்து அவளுடையது. பின்னட்டையில் முகவரி, என் அச்சகம்.