ஜாப் ஒர்க் கொடுக்கவில்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம்.

இன்றைய வேலை: பல் டாக்டர் (தள்ளிப்போட்டாயிற்று). கேஸ் புக்கிங். வேலம்பாளையம் போய் ஜெபராணியைப் பார்ப்பது.

கல்வி இணைப்பிதழுக்குக் கட்டுரை வேண்டுமாம். செய்தி ஆசிரியர் போனில்: “பனியன் கம்பெனி டைலர், கம்ப்யூட்டர் டிகிரி. படத்தோட குடுங்க மேடம். சந்தோஷமா முடியட்டும்.”

விவரம். ஜெபராணி, பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் பவர் டேபிள் டைலர், மோட்டார் மெஷினில் தைப்பவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிளஸ் டூ. இணையத்தில் நடக்கும் தொழில் சான்றிதழ் படிப்புகள் இரண்டை முடித்திருக்கிறாள். ஒன்று கம்ப்யூட்டர் பராமரிப்பு. இன்னொன்று டேட்டா அனலிடிக்ஸ்: குவிந்து கிடக்கும் விவரத்தைச் சுத்தம் செய்து, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஒரு கல்லூரி தன் ஆன்லைன் பி.சி.ஏ.வில் இந்தச் சான்றிதழ்களுக்கு கிரெடிட் தருகிறது. கிடைத்தால் அந்தப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டாம், நேராக இரண்டாம் வருடம். இரண்டாம் வருடம் என்று கடிதம் காட்டினால் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் உட்கார வைப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அது அவசரம். கழுத்தெலும்பு தேய்மானம். குனிந்து தைப்பதை விடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

மாலை அவள் வீட்டில். வரிசை வீடுகளில் கடைசி. கூடவே கோகிலா. கோகிலா அவளுடைய கைமடி, அதாவது எதிரே உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுப்பவள், தைத்து வருவதை வாங்கி நூல் வெட்டி அடுக்குபவள். உள்ளூர்க்காரி.

எப்போது படித்தாய் என்று கேட்டேன். “காலையில சோறு பொங்குததுக்கு முன்னால படிப்போம்க்கா. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்து படிப்போம்,” என்றாள் ஜெ. அவள் கோயில் என்றால் சர்ச்.

கோ. குறுக்கே: “இவ சர்ச்சுல பாட்டு பாடி முடிக்கறக்குள்ள நான் பாதி வீடியோ பாத்து முடிச்சிருவனுங்க. ஏசுவுக்கு எங்க ஸ்பீடு பத்தாது.”

“ஏ கோட்டிக்காரி. வாயக் கழுவு.”

டேட்டா படிப்பின் கடைசி வேலை என்ன என்று கேட்டேன். ஜெ. கோகிலாவைப் பார்த்தாள். கோ. சொன்னாள்: “ஒரு காப்பிக் கடைங்க. எந்த நாள் எந்தக் காப்பி போச்சுன்னு பெரிய ஷீட்டு. ஒரே தேதிய மூணு தினுசா எழுதி வெச்சிருந்தான் அந்த ஆளு. அதைய நேராக்கறதுக்கே நெம்ப நேரமாயிருச்சுங்க.”

வீடு திரும்பிக் குறிப்பைப் படித்தபோது கண்ணில் பட்டது. படிப்போம். முடிச்சோம். போட்டோம். ஜெ. பேச்சில் ஓர் இடத்திலும் ‘நான்’ இல்லை.

ஜூலை 9, புதன்

கேஸ் வந்தது. காற்று குறையவில்லை.

கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் போனில் பேசினேன். நிதானமான ஆள், கேட்டதற்கு மட்டும் பதில். சான்றிதழ் உண்மையா என்று இணையத்தில் சரிபார்ப்பார்கள். பிறகு கேமரா முன் நேர்காணல். “செஞ்ச வேலைய அவங்களே விளக்கணும். பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது.” ஜெபராணிக்கு வருகிற வெள்ளி கழித்து அடுத்த வெள்ளி.

அவள் பெயரை நான் சொல்லவில்லை. அவரே பட்டியலைப் பார்த்துச் சொன்னார், திருப்பூரிலிருந்து ஒரே ஆள் என்று.

சாமளாபுரம் பகுதி நேர நிருபர் விசைத்தறிச் செய்தி அனுப்பினார். நல்ல செய்தி, நேரில் போய்ப் பார்த்து எழுதியது. இரண்டு வரி வெட்டினேன். ‘நமது நிருபர்’ என்று போகும்.

பல் வலி இடப்பக்கம். வலப்பக்கம் மென்று பழகிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

சாப்பாட்டு நேரம், கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடை. இருவரும் வந்தார்கள். ஒடிசாப் பையன்கள் கூட்டம், கடைக்காரர் பாதி இந்தியில் பாதி கொங்குத் தமிழில்: “பையா, சில்லறை இருந்தா குடு கண்ணு.”

நேராகக் கேட்டேன். படிப்பை யார் முடித்தது?

கோ.: “செட்டாத்தானுங்க. இங்கிலீசுப் பாடம், கேள்வி பதிலு, அல்லாம் இவ. ஷீட்டு, கம்ப்யூட்டர் கோடு எழுதறது நானு. ஒரு லேப்டாப்புத்தான இருக்குது.”

சான்றிதழில் ஒரு பெயர்தானே இருக்கிறது என்றேன்.

“கம்பெனில தெச்ச பீஸ் யாரு பேருல ஏறுமுங்க? டைலரு பேருல. கைமடி பேரு ஏறாது. அப்பறம் நாங்க பிரிச்சுக்குவோம்.”

சொன்ன விதத்தில் ஒளிவு இல்லை. பஸ் ரூட் சொல்வது போல.

ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் ஓர் உறுதிமொழி வருமே என்று கேட்டேன். ஜெ. போனை எடுத்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் டிக். இது என் ஓன் ஒர்க் என்று உறுதி கூறுகிறேன்.

“இது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரியாம என்னக்கா. ஒவ்வொரு தடவையும் வாசிச்சுத்தான் டிக் அடிச்சோம். ஓன் ஒர்க். வெளிய குடுக்கல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் ஓன் ஒர்க்குக்கு எதிர்ச்சொல் ஜாப் ஒர்க். ஆர்டரை வெளியே கொடுத்துத் தைத்தால் ஜாப் ஒர்க். சொந்தக் கூரைக்குள் தைத்தால் ஓன். உள்ளே எத்தனை கை பட்டாலும் ஓன்தான்.

கோ. கொஞ்சம் சூடாக: “காசு வாங்கிட்டு பரீட்சை எழுதிக் குடுக்கறவன் எல்லாம் இருக்கறானுங்க. எங்க சூப்பர்வைசர் மச்சான் அப்படித்தான் ஒண்ணு வாங்குனான். நாங்க அப்படி ஜாப் ஒர்க் குடுக்கலீங்க.”

நேர்காணலில் தனி ஆளாக உட்கார வேண்டும், வேலையை அவளே விளக்க வேண்டும் என்றேன். சங்கு ஊதியது. ஜெ. டீயை வைத்துவிட்டு எழுந்தாள். கோகிலா உட்கார்ந்தே இருந்தாள். பிறகு அவளும் போனாள்.

சொல்லியிருக்க வேண்டுமா? எப்படியும் கல்லூரிக் கடிதத்தில் அவளுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த ‘தனி’ என்ற சொல்லை முதலில் அந்த மேசையில் வைத்தது நான்.

ஜூலை 13, ஞாயிறு

சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, குடை ரிப்பேர். குடைக்காரர் இல்லை.

மதியம் ஜெ. வீடு. கூப்பிட்டது அவள்தான். போனபோது சண்டை பாதியில்.

ஜெ.யின் யோசனை: லேப்டாப் மேசை மேல். கேமராவுக்குத் தெரியாமல் கீழே தரையில் கோகிலா. கேள்வி வந்தால் தாளில் எழுதி மேலே நீட்டுவது.

“அங்கயும் நான் கீழதான் உக்கோரோணுமா?” என்றாள் கோ.

“இவ்ளோ நாளு எனக்கு எடுத்துக் குடுக்கலியா? அது மாதிரித்தானே.”

“அது மாதிரித்தான். அதையத்தான்டி நானும் சொல்றேன்.”

பக்கத்து வீட்டு டிவியில் சமையல் நிகழ்ச்சி.

ஜெ.: “எங்கழுத்து ஒனக்குத் தெரியும்லா. நீதான தைலம் போட்டு விடுத.”

“தெரியும். அதுக்குத்தான் இத்தன நாளும் வாயத் தொறக்கல.” என்னைப் பார்த்து: “மேடம், எம்பேரு எங்கீங்க இருக்குது? நீங்க கேக்கறவரைக்கும் எனக்கு அப்படி ஒரு நெனப்பே வரலீங்க. இப்ப வந்துருச்சு, போக மாட்டீங்குது.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜெ. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். கேட்கவில்லை, குடித்தேன்.

நடந்ததை எழுதுவது என் தொழில். நான் கேட்டதால் நடந்ததை எப்படி எழுதுவது? ‘அப்போது அங்கிருந்த நிருபர் ஒருவர் கேட்டதையடுத்து’ என்றா?

ஜூலை 15, செவ்வாய்

லேசான தூறல், சாலை நனையும் அளவுக்குக்கூட இல்லை.

செய்தி ஆசிரியர் இரண்டு முறை அழைத்தார். படம் ரெடியா? நேர்காணல் முடியட்டும் என்றேன். “முடிவு தெரிஞ்சுதானே மேடம் எழுதறோம்?” இல்லை என்று சொல்லவில்லை.

எழுதினால்: இரண்டு பேர் சேர்ந்து முடித்தார்கள் என்று அச்சில் வந்தால் கல்லூரி படிக்கும். கிரெடிட் போகும், கம்ப்யூட்டர் செக்‌ஷன் போகும். கோகிலாவை விட்டுவிட்டு எழுதினால்: அழகான கட்டுரை, அரைப் பொய். எழுதாமல் விட்டால்: பக்கத்துக்கு வேறு ஏதாவது. இந்த மூன்றில் மூன்றாவதுதான் எளிது. எளிது என்பதாலேயே சந்தேகம்.

ஜெ. காலையில் போன். கோகிலா வேறு தையல் லைனுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாளாம். இப்போது எதிரே புதுப்பெண். “நான் துணித் துண்ட எந்தப் பக்கம் வாங்குவேன்னுகூட அவளுக்குத் தெரியலக்கா. சூப்பர்வைசர் ஏசுதாரு.”

கோடு பாகத்தை அவளே படிக்கிறாளாம். “புரியுதா?” “கொஞ்சம். அவ ஒரு மாதிரி சொல்லுவா, காப்பிக்கடைக்காரன் கிறுக்கன்னு திட்டிக்கிட்டே. வீடியோல அப்படி யாரும் சொல்ல மாட்டேங்கான்.”

பல் டாக்டர் ஒருவழியாக. அடைக்க முடியாதாம், வேர் சிகிச்சை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவெல்லாம் வேப்பிலை, ஒலிபெருக்கி. கோகிலா லீவு, மாரியம்மன் கோயில்.

ஜெ. என்னை வரச் சொன்னாள். வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேமராவில் நான் இல்லை என்பதை எழுந்து ஒரு முறை பார்த்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது, இரண்டு பக்கக் குரலும் கேட்டது.

அவள் நன்றாக உடுத்தியிருந்தாள். கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்திருந்தாள்.

பெயர், ஊர், வேலை. கம்ப்யூட்டர் பராமரிப்பில் சில கேள்விகள். தடுமாறாமல் சொன்னாள். பிறகு அந்த நிதானமான குரல்: “டேட்டா ப்ராஜெக்ட்ல தேதி எல்லாம் வேற வேற மாதிரி இருந்திருக்கு. எப்படி சரி பண்ணினீங்க?”

அதை அவள் படித்திருந்தாள். நேற்று போனில் எனக்கே சொல்லிக் காட்டியிருந்தாள், சரியாக. விடை அவளுக்குத் தெரியும்.

“அத நான் சரி பண்ணல சார்.”

“புரியல.”

“நாங்க ரெண்டு பேரு படிச்சோம் சார். ரெண்டு படிப்பும். எழுத்துப் பாகம் நான். கணக்கு, கோடு எல்லாம் என்கூட வேல பாக்குத கோகிலா. நீங்க கேக்கதுக்கு இப்ப பதில் எனக்குத் தெரியும், சொல்லிருவேன். ஆனா செஞ்சது அவ.”

ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது. அவர் குரல் உயரவில்லை. அப்படியானால் இரண்டு சான்றிதழுக்குமே கிரெடிட் தர இயலாது. விதி. வேண்டுமானால் முதல் வருடத்தில் சேரலாம், முதல் பாடத்திலிருந்து. இதைச் சொன்னதற்காக வேறு நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுத மாட்டேன் என்றார்.

“சரி சார்.”

“அந்த இன்னொருத்தங்க. அவங்க எங்கயாவது அப்ளை பண்ணியிருக்காங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

அவர் காத்திருந்தார், பிறகு நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

உள்ளே போனேன். லேப்டாப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். “அவளுக்கும் படிக்கணுமான்னு நான் கேக்கவே இல்லக்கா. இத்தன நாளா எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கா. ஒருநாளும் கேக்கல.”

கழுத்துப் பட்டையை மாட்ட உதவி கேட்டாள். மாட்டிவிட்டேன். எனக்குப் பழக்கமில்லை. இறுக்கிவிட்டேன் போல, திரும்பவும் கழற்றி அவளே போட்டுக்கொண்டாள்.

மாலை செய்தி ஆசிரியரிடம் சொன்னேன், கிரெடிட் கிடைக்கவில்லை என்று. “அப்போ ஸ்டோரி இல்ல,” என்றார். ஸ்டோரி இருக்கிறது என்றேன். என்ன ஸ்டோரி என்றார். எழுதிக் காட்டுகிறேன், இரண்டு பேரிடமும் கேட்ட பிறகு என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

காற்று இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு துணி காயப்போட்ட இடத்திலேயே காய்ந்தது.

வேர் சிகிச்சை இரண்டாம் முறை நாளை. மாத்திரை வாங்க வேண்டும்.

ஜெ.யிடம் காலையில் கேட்டேன். எழுதிக்கோங்கக்கா என்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. கம்ப்யூட்டர் செக்‌ஷன் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். அவள் பழையபடி மெஷினில்தான்.

பதினொரு மணி வாக்கில் கோகிலாவின் அழைப்பு. பஸ் ஸ்டாப் இரைச்சல்.

“மேடம், நேத்து ஜெபராணி எங்கூட்டுக்கு வந்தாளுங்க. மொதல் தடவையா வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு கேட்டா. எப்பவும் அவ பாட்டுக்கு வந்து ஃபிரிட்ஜத் தொறக்கறவ.”

என்ன கேட்டாள் என்றேன்.

“நீயும் படிக்கறயான்னு கேட்டா. இப்பத்தான் கேக்கத் தோணுச்சா அம்மணிக்குன்னு நல்லாத் திட்டுனனுங்க. திட்டிப் போட்டு, படிக்கறேன்னேன்.”

இருவரும் முதல் வருடத்துக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். தனித்தனிப் பெயர். ஜெ.யின் லைனுக்கே திரும்பிப் போவாயா என்று கேட்டேன். யோசிக்கோணும் என்றாள். கழுத்துக்குத் தைலம் மட்டும் போட்டு விட்டாளாம்.

பத்திரிகையில் எழுதலாமா என்றேன்.

“எழுதுங்க. ரெண்டு பேர்த்தையும் போடுங்க. எம்பேர மொதல்ல போடுங்க.” சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லாமல்: “அவளுக்கு ஒரு வருசம் வீணாப் போச்சுன்னு அழுகறா மேடம். நானும் கூட உக்காந்து அழுதனுங்க. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள வருத்தமே இல்லீங்க. சந்தோசமா இருக்குது. அது தப்புங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.