முகமும் ஓரமும்

உ

செஞ்சி
6.10.2024

தம்பி தணிகாசலத்துக்கு அக்கா விருத்தாம்பாள் எழுதுவது. நீ சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமாகத்தான் இருக்கிறாய், உன் பெண்டாட்டி வளர்மதி போனில் சொல்லிவிடுகிறாள். சர்க்கரையை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக ஜிலேபி தின்கிறாய் என்றும் சொன்னாள்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று மேலச்சேரி திரௌபதி அம்மன் முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்தவள் நான். அம்மன் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். போன வாரம் பேத்தி ஷோபனா, "ஆயா, பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணே, எழுதமாட்டேன்னு பண்லியே" என்றாள். காலேஜ் படிக்கிற புத்தி. யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது.

சத்தியம் எதற்கு என்று நீ மறந்திருப்பாய். என் கல்யாணத்துக்குப் புதுக் கேமராவை மாட்டிக்கொண்டு வந்தாயே. அந்தப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் மாமியாரின் மூக்குத்தியில் கல் எத்தனை என்று எண்ணலாம். பின்னால் நிற்கிற நான் சாம்பிராணிப் புகைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருப்பேன். அதைத்தான் கூடத்தில் மாட்டினார்கள். நான் பெற்ற பிள்ளைகளே "அம்மா, பாட்டிக்குப் பின்னால நிக்கறது யாரு" என்று கேட்டார்கள்.

இப்போது விஷயம். உன் மாமா, என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தபோது பாத்திரக் கடையில் பழைய செம்பு எடைக்கு வாங்கும்போது நடுவில் கிடந்த காசுகளைப் பொறுக்கி எடுத்து வைத்தாரே, அந்தப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. விழுப்புரத்தில் பழங்காசு சேர்க்கிறவர்கள் சங்கம் வைத்துத் தை மாதம் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் இரண்டு பக்கம் இந்தக் காசுகளுக்கு, தலைப்பில் அவர் பெயர். அவர் பெயர் இந்த ஊரில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கடைப் பலகையில்கூட அவர் அம்மா பெயர்தான். அதனால் இது எனக்கு வேண்டும்.

ஷோபனா போனில் படம் பிடித்து அனுப்பினாள். சங்கத்துப் பையன் பிரசாந்த் வீட்டுக்கே வந்துவிட்டான். "பாட்டி, மூஞ்சி தெளிவா இருந்தா ஓரம் கலங்குது, ஓரம் தெளிவா இருந்தா மூஞ்சி கலங்குது. இத அச்சுல போட முடியாது" என்றான். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. இந்தத் தப்பை உன்னைப் போல் செய்தவன் எவனும் இல்லை. திருத்தும் வழியும் உனக்குத்தான் தெரிந்திருக்கும். எழுது.

கோபம் மாறாத அக்கா,
விருத்தாம்பாள்

---

முத்தியால்பேட்டை
புதுச்சேரி
14.10.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வளர்மதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "திட்டிதானே எழுதியிருக்காங்க, அதுக்கா இப்படிச் சிரிக்கறீங்க" என்றாள். திட்டுகிறதற்காவது ஆள் கிடைத்ததே என்று இருந்தது.

காசு தட்டையானது என்று நினைக்கிறோம். கிட்டே போனால் அது உன் ஊர்க் கோட்டை மலை ராஜகிரி மாதிரி. உச்சியைத் தெளிவாகப் பிடித்தால் அடிவாரம் கலங்கும். நாயக்கர் காசு சின்னதாகவும் மொத்தையாகவும் இருக்குமே, அதில் இன்னும் மோசம். அதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் கட்டி, உச்சியிலிருந்து அடிவாரம் வரை துளித்துளியாக போகஸை இறக்கிக்கொண்டே நிறையப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தளம்தான் தெளிவாக இருக்கும். தெளிந்த இடங்களை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்கித் தர ஒரு மென்பொருள் வேண்டும். போகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள்.

எந்த மென்பொருள் என்பதுதான் இப்போது என் தலைவலி. ஒன்று மாதாமாதம் சந்தா கட்டுவது, அடுக்குகிற வேலையும் மெருகேற்றுகிற வேலையும் அதிலேயே நடக்கும். இன்னொன்று ஒரே தடவை வாங்குவது, அடுக்குவதில் கெட்டி. மூன்றாவது இலவசம், ஆனால் நத்தை. அது அடுக்கி மட்டும் கொடுக்கும், வெளிச்சம் திருத்த வேறொன்றைத் தேட வேண்டும். முதல் இரண்டையும் கொஞ்ச நாள் சும்மா பார்க்க விடுவார்கள். மூன்றிலும் ஒரே காசைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்று முக்கியம். காசைத் தேய்க்காதே, கழுவாதே. செம்பின் மேல் படிந்திருக்கிற கருப்பும் பச்சையும்தான் அதன் தோல்.

தம்பி,
தணிகாசலம்

---

செஞ்சி
21.10.2024

தம்பி தணிகாசலத்துக்கு,

உன் கடுதாசி வருவதற்கு முன்னாலேயே ஒரு காசை விளக்கிவிட்டேன். பாத்திரக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். செம்பைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். மாமியார் அப்படிப் பழக்கியிருந்தாள், ஒரு சொம்பில் கருப்பு இருந்தால் சோறு இறங்காது அவளுக்கு. புதுச்சேரி பிரெஞ்சுக் காசு, ஒரு பக்கம் அல்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்குமே, அது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் கார்த்திகை விளக்கு மாதிரி ஜொலித்தது. பெருமையாகத்தான் பிரசாந்திடம் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பாட்டி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க" என்று சுவரில் சாய்ந்துவிட்டான். மோர் கொடுத்து அனுப்பினேன். அவனையும் மனதில் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து என்னைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

அந்த ஒரு காசு புத்தகத்துக்கு ஆகாதாம். மற்றவற்றைத் தொடவில்லை, பெட்டியைப் பூட்டிச் சாவியை ஷோபனாவிடம் கொடுத்துவிட்டேன். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை.

மாதாமாதம் கட்டுகிற மென்பொருள் வேண்டாம். கேபிள்காரன் ஒருவன் போதும். நீ கேமராவை எடுத்துக்கொண்டு இங்கே வா, காசு பஸ் ஏறாது. நான் உன்னோடு பேசமாட்டேன், அதை எதிர்பார்க்காதே. சோறு போடுவேன். சோறு போடமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை.

அக்கா,
விருத்தாம்பாள்

---

புதுச்சேரி
11.11.2024

அன்பு அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பு பஸ்ஸில் கொட்டவில்லை, ஆனால் கண்டக்டர் திண்டிவனம் வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

உன் வீட்டில் இருந்ததை நினைத்து இங்கே வந்தும் சிரிக்கிறேன். நான் கூடத்தில் இருக்கும்போது நீ சுவரைப் பார்த்து, "ஏ செவுரே, அவனுக்குச் சக்கரை இருக்குது, காப்பி வெறுமனேதான் வரும்" என்றாய். நானும் சுவரிடமே, "செவுரே, ஒரே ஒரு ஸ்பூன் போடச் சொல்லு" என்றேன். ஷோபனா நடுவில் நின்று, "தாத்தா, செவுரு முடியாதுன்னு சொல்லுது" என்றாளே. அந்தச் சுவருக்கு ஒரு சுண்ணாம்பு அடித்துவிடு அக்கா, நிறைய உழைத்துவிட்டது.

திருவண்ணாமலை ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் ஸ்டாண்டு நடுங்கிப் படம் வீணானது. சமையலறை அம்மிக்கல் மேல் கேமராவை வைக்கச் சொல்லிச் சுவரிடம் சொன்னது நீதான். அதற்கு அப்புறம் அசையவில்லை. படம் எடுக்கிற நேரமெல்லாம் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இந்த வேலைக்குப் பேசாத ஆள்தான் வேண்டும்.

நாயக்கர் காசு ஒன்றின் படங்களை மூன்று மென்பொருளிலும் போட்டு அடுக்கி, அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் அ, ஆ, இ என்று எழுதியிருக்கிறேன். எது எதனுடையது என்று சொல்லமாட்டேன். என் கண்ணுக்கு மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஸ்டுடியோக்காரன் கண், பளிச்சென்று இருந்தால் மயங்கிவிடும். அந்தக் காசை இத்தனை வருஷம் பார்த்தவள் நீ. எது அந்தக் காசு என்று சொல்.

தம்பி,
தணிகாசலம்

---

செஞ்சி
18.11.2024

தம்பி தணிகாசலத்துக்கு,

மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஷோபனாவுக்கு 'அ' பிடித்திருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் கல்யாணத்துக்கு ஜோடித்த பெண் மாதிரி இருக்கிறது. நான் புளி போட்டுச் செய்ததை அது புளி இல்லாமலே செய்திருக்கிறது. 'ஆ' பரவாயில்லை, எழுத்தெல்லாம் கூர்மை. ஆனால் நிற்கிற உருவத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு போகிறது, சாமி படத்தில் போடுவார்களே அந்த மாதிரி. காசில் அப்படி எதுவும் கிடையாது.

'இ' கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. ஆனால் கால் பக்கம் ஓரத்தில் ஒரு பள்ளமும் அதில் பச்சையும் தெரிகிறதே, அதை எனக்குத் தெரியும். அவர் இந்தக் காசை எடுத்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், "கையை நீட்டு" என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பள்ளம்தான் விரலில் இடறியது. மாமியார், "இது இன்னாடா, சாப்புடற நேரத்துல குப்பையத் தூக்கினு" என்றாள். அவர் காசை என் கையிலிருந்து எடுக்கவில்லை.

'இ' போதும். எந்தக் காசும் மின்ன வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும். அது உன்னுடைய நத்தைதான் என்று நினைக்கிறேன். நத்தையே நல்லது, எனக்கென்ன அவசரம்.

ஒரே படத்தில் முன்னால் இருக்கிறதும் பின்னால் இருக்கிறதும் தெளிவாக விழும் என்று என் கண்ணால் பார்த்துவிட்டேன். இந்த வித்தை அன்றைக்கே இருந்திருந்தால் எனக்கு மேலச்சேரிக்கு நடக்கிற வேலை மிச்சம். சும்மா சொல்கிறேன்.

பக்கத்தின் தலைப்பில் போடப் பெயரைக் கேட்டிருந்தான் பிரசாந்த். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதலாம். ராஜாங்கம். நீயே அவனுக்கு அனுப்பிவிடு.

அக்கா,
விருத்தாம்பாள்

---

புதுச்சேரி
15.12.2024

அன்பு அக்காவுக்கு,

நத்தைதான். சரியாகச் சொன்னாய். எல்லாக் காசையும் அதிலேயே அடுக்கிப் பிரசாந்துக்கு அனுப்பிவிட்டேன். வெளிச்சத்தை மட்டும் இன்னொரு இலவச மென்பொருளில் துளி சரிசெய்தேன், மெருகு போடவில்லை. பையன் போன் செய்தான். "ஓரமும் தெளிவு, மூஞ்சியும் தெளிவு சார். இரண்டு பக்கம் போதாது, நாலு பக்கம் தர்றோம்" என்றான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாமா பெயர் வரும். அச்சுக்குப் போய்விட்டது. புளி போட்ட காசையும் கடைசியில் சேர்த்திருக்கிறான், 'செம்பு நாணயத்தை இப்படிச் செய்யாதீர்கள்' என்று. உன் பெயர் போடவில்லை, பயப்படுகிறான்.

இனி உன் கல்யாணப் படம். நீ சும்மா சொன்னாய், எனக்குச் சும்மா இருக்கவில்லை. பரணில் இருந்த நெகட்டிவ் டப்பாக்களை இறக்கினேன். அன்றைக்கு நான் ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுத்தேன் அக்கா. முதலாவது முன்னால் இருந்தவர்களுக்கு போகஸ். பின்னால் நீ கலங்கியிருப்பாய் என்று எனக்கே தெரிந்தது. "இன்னும் ஒண்ணு, அப்படியே இருங்க" என்றேன். உன் மாமியார், "அதான் ஒண்ணு எடுத்தாச்சுல்ல" என்றார்கள். அவர்கள் எழுந்திருப்பதற்குள் உனக்கு போகஸ் வைத்து இரண்டாவது எடுத்துவிட்டேன். இரண்டையும் சின்னதாக அச்செடுத்துக் காட்டியபோது, "இதுல என் மூஞ்சி கலங்கிப் போயிருக்குது, இது வாணாம்" என்று அதைக் கிழித்துவிட்டார்கள். அதையே உனக்குப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தேன். நீ கற்பூரத்தோடு மேலச்சேரிக்குப் போயிருந்தாய். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கும் அந்த வயதில் ரோஷம்.

இப்போது இரண்டு நெகட்டிவையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, காசைப் போலவே அடுக்கிப் பார்த்தேன். மூன்று மென்பொருளிலும் பார்த்தேன். உன் மாமியாரும் தெளிவு, நீயும் தெளிவு. நாற்காலி பக்கத்தில் நிற்கிற மாமா மட்டும் சரிவரவில்லை. அவருக்கு மூக்கு இரண்டாக வருகிறது, மீசை ஒன்றரை. அடுக்குவதற்கு எதுவும் அசையக் கூடாது. அவர் அசைந்துவிட்டார். முதல் படத்தில் நேராக கேமராவைப் பார்க்கிறார். இரண்டாவதில் தலையைத் திருப்பி உன்னைப் பார்க்கிறார்.

அதனால் அடுக்குவதை விட்டுவிட்டேன். இரண்டாவதை மட்டும், இருக்கிறபடியே, பெரிதாக அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
தணிகாசலம்

---

செஞ்சி
22.12.2024

தம்பி தணிகாசலத்துக்கு,

படம் மடங்காமல் வந்து சேர்ந்தது.

என் காதில் அம்மாவின் ஜிமிக்கி. அதைப் போட்டிருந்தேன் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை, இப்போது பார்த்துக்கொள்ளட்டும். மாமியார் நன்றாகக் கலங்கியிருக்கிறாள், மூக்குத்தியே தெரியவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதை எந்த மென்பொருளாலும் திருத்தாதே.

அவரும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறார். பரவாயில்லை, பார்க்கிறார் என்பது தெரிகிறது. மாமியார் முன்னால் அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. என் ஞாபகத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. நான் நேராக உன் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அசையாதே என்று நீ சொன்னதால். உன் பேச்சைக் கேட்டதற்கு இதுதான் பலன்.

பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டினேன். ஷோபனா பார்த்துவிட்டு, "ஆயா, இது நீயா" என்றாள். ஆமாம் என்றேன்.

நேற்று மேலச்சேரிக்குப் போனேன். அம்மனிடம் விஷயத்தைச் சொன்னேன். பூசாரி, "சத்தியத்த எடுத்துக்கணும்னா ஒரு படி அரிசி பொங்கி வச்சு, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டுப் போம்மா" என்றார். பொங்கல் வைத்தேன். தப்பு யாருடையது என்று அம்மனுக்கே தெரியும் என்று சொன்னேன். கற்பூரத்தை ஏற்றினேன், அது அணைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கதவு திறக்காத அன்றைக்கு வாசலிலேயே படத்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாம் நீ. அது தனி, அதை நான் மறக்கவில்லை.

இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் வளர்மதியை விட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல். நானே கூப்பிடுகிறேன். பேசவேண்டியது நிறைய சேர்ந்து கிடக்கிறது, வருஷ வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதே. ஜிலேபியில் ஆரம்பிப்பேன்.

உன் அக்கா,
விருத்தாம்பாள்