பாதி ஜன்னல்

வின்ஸ்கோட்டன்
அக்டோபர் 4

அன்புள்ள ரென்ஸ்கே,

ஃபோன் செய்யாதே, எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். ஃபோனில் நான் சிரிக்க வைத்துவிடுவேனாம், சிரித்துவிட்டால் உன் கோபம் நிலைக்காதாம். சரி, எழுதுகிறேன். கடைசியாக நான் கையால் எழுதியது உன் பிறந்தநாள் பலகை. அதன் பலன் தெரிந்ததே. அதனால் இப்போது பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

நான் நலம். செடிகள் நலமில்லை.

நீ எடுத்துப்போன விதம் இருக்கிறதே! எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தால், ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். ஒன்றையும் தொடாமல் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீ என்ன செய்தாய்? ஜோடி ஜோடியாக நின்றவற்றில் ஒவ்வொன்றை உருவிக்கொண்டு போய்விட்டாய். ஒற்றை ஆர்க்கிட், ஒற்றை ஜெரேனியம், ஒற்றைக் கள்ளி. இந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது, எல்லார் ஜன்னலிலும் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும். நம் ஜன்னல் மட்டும் நம் குடும்ப நிலவரத்தை அச்சடித்து ஒட்டியது மாதிரி நிற்கிறது.

எதிர்வீட்டு ட்ரூஸ் பார்க்காமல் இருப்பாளா? மறுநாளே வந்து நின்றாள்.

"என்னப்பா ஹார்ம், ஜன்னல் இளைச்சுப் போச்சு?"

"ரென்ஸ்கே டெவென்டருக்குப் போயிருக்கா. ஒரு கோர்ஸ்."

"செடியையும் கூட்டிட்டா போனா?"

"செய்முறைப் பயிற்சி, ட்ரூஸ்."

இருபது வருடமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் திடீர் பிரேக் போடத் தெரியாதா? ஆனாலும் அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அதனால் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் மஞ்சள் சாமந்தி, ஊதாப் பூ ஹெதர்ச் செடி, குட்டிக் குட்டிப் பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்து, நீ விட்டுப்போன ஓட்டைகளை அடைத்தேன். யாராவது கேட்டால், இலையுதிர்கால அலங்காரம்! தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ரயிலிலிருந்து பார்த்தால் இன்னும் அழகு.

நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாள். பிள்ளைகள் காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு பாட வருவார்கள், பின்னாலேயே அப்பா அம்மாக்கள். தெரு மொத்தமும் நம் ஜன்னல் முன்னால் வந்து நிற்கும். அதற்குள் வந்துவிடுவாய்தானே?

உன்
ஹார்ம்

பி.கு. பாம்புச்செடி மஞ்சளாகிறது. தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிறேன்.


டெவென்டர்
அக்டோபர் 8

ஹார்ம்,

பாம்புச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்து. மாதம் ஒரு தடவை போதும். ஆர்க்கிட்டுக்கு வாரம் ஒரு தடவை. ஹீட்டரைப் போட்டிருந்தால் கள்ளியை அதன் மேலிருந்து நகர்த்து. ஜெரேனியத்தை அடுப்படியில் வைக்காதே.

உன்னைக் கேலி செய்ய நான் ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. ரயிலில் இரண்டு பெட்டிக்கு மேல் தூக்க முடியாது. எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவுதான்.

பலகையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய், அதுவும் ஜோக்காக. பெண்ணுக்கு ஐம்பது முடிந்தால் வாசலில் ஆள் உயரத்துக்குச் சாரா பொம்மை வைத்துக் கேலி செய்வது ஊர் வழக்கம், அதில் யாருக்கும் கோபம் வராது. எனக்கும் வந்திருக்காது. நீ அதற்கு என் பச்சைக் கோட்டை மாட்டினாய். என் பூவாளியைக் கையில் கொடுத்தாய். கழுத்தில் எழுதித் தொங்கவிட்டாய்: "என் மனைவி செடிகளோடுதான் பேசுவாள். பாவம், அவற்றுக்குக் கால் இல்லை, ஓட முடியாது."

எனக்குக் கால் இருக்கிறது ஹார்ம்.

இங்கே நர்சரியில் வேலை பிடித்திருக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் இந்த வீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறேனா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நவம்பர் பதினான்குக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

ரென்ஸ்கே


வின்ஸ்கோட்டன்
அக்டோபர் 15

அன்புள்ள ரென்ஸ்கே,

ஒரு வருடமா? குளிர்காலம் முடியும்வரை என்றுதான் நான் நினைத்திருந்தேன். குளிர்காலம்கூட இல்லை, கோபம் முடியும்வரை.

உன் கட்டளைப்படி கள்ளியை நகர்த்தினேன். நகர்த்தும்போது என் விரலில் அது தன் கருத்தைத் தெரிவித்தது. பூசணிக்காய்களில் ஒன்று உள்ளுக்குள்ளேயே அழுகி, நேற்று டிரைவிங் படிக்க வந்த பெண் கைகுலுக்க வந்தபோது, ஜன்னல் பலகையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. "உங்க வீட்ல ஏதோ செத்துப்போச்சா சார்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் மூன்று தடவை தேர்வில் தோற்றவள். அவளுக்கே தெரிகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வரும். ஆர்க்கிட்டுக்குத் துணையாக ஒன்று வாங்கி வந்தேன். வெள்ளைப்பூ, பார்க்க அப்படியே இருந்தது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன். இலையைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் அடியில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது: பிளாஸ்டிக். ரென்ஸ்கே, இந்த வீட்டில் என் கையில் செழிப்பாக வளர்வது அது ஒன்றுதான்.

பலகையைப் பற்றிக் கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் கண்ணால் பார்த்தேன். கேக்கை வெட்டிக்கொண்டே சிரித்தாய். மறுநாள் காலையில் பெட்டியோடு நின்றால் நான் எதை நம்புவது?

உன்
ஹார்ம்


டெவென்டர்
அக்டோபர் 20

ஹார்ம்,

பிளாஸ்டிக் ஆர்க்கிட்டை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். ட்ரூஸ் நம் ஜன்னலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 'கோர்ஸ் எப்படிப் போகுது?' என்றும் கேட்டிருந்தாள். நன்றாகப் போகிறது என்று பதில் போட்டேன். உனக்காக நான் பொய் சொல்வது இதுதான் கடைசி.

ஆமாம், சிரித்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காப்பிக் கோப்பையோடு தெரு முழுவதும் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

செடிகளோடு நான் பேசுவது உண்மை. என்ன பேசுகிறேன் என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரேனியத்திடம் சொன்னேன். "டெவென்டர் நர்சரியில கூப்பிடுறாங்க. இங்க எனக்கு மூச்சு முட்டுது. ஹார்ம்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." மெதுவாகச் சொல்லவில்லை. அடுப்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். பேப்பரை இறக்காமலே நீ கேட்டாய்: "ஜெரேனியம் என்ன சொல்லுது? சம்பளம் எவ்வளவாம்?"

அடுத்த மாதம் அதையே பலகையில் எழுதினாய்.

ரென்ஸ்கே


வின்ஸ்கோட்டன்
அக்டோபர் 27

ரென்ஸ்கே,

என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? மண்சட்டியில் நிற்கும் ஒரு செடிக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கும் காது இருக்கிறது. ஜெரேனியத்துக்கு அதுகூட இல்லை. சுற்றி வளைத்து, செடி வழியாக, அடுப்படி வழியாக வந்தால் நான் என்ன ஜோசியனா?

நீ போன பிறகு நானும் அதனிடம் பேசிப் பார்த்தேன். சிரிக்காதே. 'உன் ஜோடி டெவென்டரில் எப்படி இருக்கிறது?' என்று கேட்டேன். பதில் இல்லை. ஜோக் சொன்னேன். அதற்கும் ஒன்றுமில்லை. ஜோக் சொல்லி முடித்த பிறகு யாருமே சிரிக்காவிட்டால் ஒரு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

தலையை நிமிர்த்தினால் எதிர் ஜன்னலில் ட்ரூஸ். எனக்குக் கையசைத்தாள்.

பொம்மை பின்கட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது, உன் கோட்டோடு. சைக்கிளை எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நீதான் நிற்கிறாய் என்று தோன்றுகிறது.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. வாசலில் வைத்திருந்த சாமந்தி ஒன்று கருகிவிட்டது.

ஹார்ம்


டெவென்டர்
நவம்பர் 2

ஹார்ம்,

நேராகவும் சொன்னேன். மே மாதம், காரில், லேவார்டனுக்கு உன் தம்பி வீட்டுக்குப் போகும் வழியில். 'நான் இந்த ஊரைவிட்டுப் போகணும்' என்றேன். 'அடுத்த ரவுண்டானாவில் இறக்கி விடவா?' என்றாய். உன் தம்பி வீட்டில் அதைச் சாப்பாட்டு மேஜையில் திரும்பவும் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜெரேனியம்.

நீ கெட்டவன் இல்லை. உன்னைக் கல்யாணம் செய்ததே நீ சிரிக்க வைத்ததால்தான். ஆனால் கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தால், கொஞ்ச நாளில் யாரும் தட்டமாட்டார்கள்.

பதினான்காம் தேதி வருகிறது. அதற்குள் எனக்கு ஒரே ஒரு வரி எழுது. சிரிப்பு இல்லாமல். அப்படி ஒன்று உன்னிடம் இல்லையென்றால் எழுதவே எழுதாதே. அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

ரென்ஸ்கே


வின்ஸ்கோட்டன்
நவம்பர் 11

அன்புள்ள ரென்ஸ்கே,

பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு ஜோக் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒரு வரி எழுதுவதை விட்டுவிட்டு, இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் ஜன்னலைக் காலி செய்தேன். சாமந்தி, ஹெதர், மிச்சப் பூசணிகள், பிளாஸ்டிக் எல்லாம் வெளியே. நீ விட்டுப்போன ஒற்றைச் செடிகளை அதனதன் பழைய இடத்தில் வைத்தேன். நீ எடுத்துப்போன இடத்தை அப்படியே விட்டேன். தொட்டி நின்ற வட்டக் கறைகளைத் துடைக்கவில்லை.

இருட்டியதும் பிள்ளைகள் வந்தார்கள். பாடி முடித்தார்கள். பாடியவர்களுக்குக் கொடுக்க ஆரஞ்சுக் கூடையோடு வாசலில் நின்றேன். பின்னால் தெரு மொத்தமும். அவர்களுக்கு நடுவில், வேறு யார்?

"ஏய் ஹார்ம்! உன் ஜன்னல் ஏன் பல்லு போன வாய் மாதிரி இளிக்குது? நேத்து வரைக்கும் பூக்கடையா இருந்துச்சே! ரென்ஸ்கே கோர்ஸ் முடிஞ்சு எப்பதான் வர்றா?"

"கோர்ஸ் இல்ல ட்ரூஸ். அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா."

அத்தனை பேரும் சிரித்தார்கள், ரென்ஸ்கே. மூலைவீட்டு பெர்ட் என் தோளில் தட்டி, "எங்கிருந்துதான்யா புடிக்கிறே!" என்றான்.

"நெசமாத்தான் சொல்றேன். அந்தப் பலகையில எழுதினேனே, அதுக்காக."

இன்னும் சிரித்தார்கள். கொஞ்சம் குறைவாக. இருபது வருடமாக இந்தத் தெருவுக்கு நானே ஊட்டி வளர்த்த சிரிப்பு அது. நான் சொல்வதால் அது நிற்காது என்று புரிந்தது. அதனால் ஒன்றும் சொல்லாமல் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைசியாக பெர்ட் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"அட லூசுப் பயலே," என்றாள் ட்ரூஸ். சத்தமாக இல்லை. "அன்னிக்கு நானும்ல சிரிச்சேன்." பிறகு கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சைத் தனக்கே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு ஓட்டிப் போனாள். அங்கே பாடும் சத்தம் கேட்டது.

இப்போது நீ கேட்ட வரி. ஆகஸ்டில் நீ சொன்னது எனக்குக் கேட்டது. மே மாதமும் கேட்டது. கேட்டுவிட்டது என்று தெரிந்தால் நீ போய்விடுவாய் என்று பயம்.

ஒரு வரியைவிடக் கொஞ்சம் நீளம். மன்னித்துக்கொள்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை மிச்சச் செடிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வரட்டுமா? அவற்றுக்குக் கால் இல்லை. எனக்கு இருக்கிறது.

உன்
ஹார்ம்


டெவென்டர்
நவம்பர் 15

அன்புள்ள ஹார்ம்,

நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடம். போடும்போது உன் கடிதம் என் பையில் இருந்தது. அதைப் படித்ததால் போட்டேனா, படித்தும் போட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை வா. கார் வேண்டாம், ரயிலில் வா, நான் வந்த மாதிரி. எல்லாச் செடிகளும் வேண்டாம், இந்த ஜன்னல் சின்னது. ஒரே ஒரு தொட்டி கொண்டு வா. எது என்று நான் சொல்லமாட்டேன். அன்று எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா, பார்க்கலாம். மற்றவற்றுக்கு ட்ரூஸ் தண்ணீர் ஊற்றுவாள், சாவியைக் கொடுத்துவிட்டு வா. எப்படியும் உள்ளே வந்து பார்க்கத் துடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

பொம்மையிடமிருந்து என் பச்சைக் கோட்டைக் கழற்றிக்கொண்டு வா. இங்கே குளிர்கிறது.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அதோடு பேசிக்கொண்டு வருவாய். உன்னை எனக்குத் தெரியும். பேசு. ஆனால் எல்லாவற்றையும் அதனிடமே சொல்லி முடித்துவிடாதே.

ரென்ஸ்கே